இண்டைக்கு ஆரின்ர அம்மா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அதற்காக என்னை நல்ல மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிச்சை கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கொடுத்தாலும் எரிச்சல், கொடுக்காவிட்டாலும் எரிச்சல். நான் நயினாதீவில் படிப்பிக்கிறேன். காலையில் வேலணையிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு வந்து படகுக்கு முண்டியடிக்கிற நேரத்தில் யாராவது சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தால், சீறி விழத்தான் தோன்றும். விழுந்தும் இருக்கிறேன்.

இந்த ஆச்சி இழுக்கமாட்டார், கையும் நீட்டமாட்டார். படகுக்குப் போகிற வழியில், சீமெந்துக் கட்டின் ஓரமாகக் கடலைப் பார்த்தபடி இருப்பார். யாராவது கிட்ட வந்தால் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார். இண்டைக்குச் சோளகக் காத்து குறைவு, பயமில்லாமல் போங்கோ என்பார். சில நாள், பின்னேரம் வெள்ளனத் திரும்புங்கோ, அலை எழும்பும் என்பார். நல்ல சேதி கேட்டவர்கள் சில்லறை போடுவார்கள். கெட்ட சேதி கேட்டவர்கள் போடாமல் போவார்கள். ஆனாலும் ஆச்சி கெட்ட சேதியைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நான் காசு கொடுக்கமாட்டேன். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். முதல் நாள் வாங்கிக் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"பிள்ளை, சீனி போடாமல் வெறுந்தேத்தண்ணியா வாங்கித் தாறீரோ? எனக்குச் சீனி வருத்தம். ரெண்டு விரலைக் கழட்டிப்போட்டாங்கள்."

காலைக் காட்டினார். இடது காலில் சின்ன விரலும் அதற்கடுத்ததும் இல்லை. அந்த இடத்தைத் துணியால் சுற்றி, மேலே சொப்பிங் பையைக் கட்டியிருந்தார். பிச்சை எடுக்கிறவருக்கு இவ்வளவு கட்டளையா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் மாற்றி வாங்கிவந்தேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற நாள்களில் அவருக்குச் சீனி இல்லாத வெறுந்தேத்தண்ணி என்பது கடைக்காரருக்கே பழகிவிட்டது. தென்பகுதியிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிற யாத்திரைக்காரர்கள் தொதல், அலுவா என்று இனிப்புகள் கொடுப்பார்கள். ஆச்சி இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டு, அவர்கள் போனதும் காகத்துக்குப் பிய்த்துப் போடுவார். படகில் கயிறு பிடிக்கிறவர்களுக்கு அதைப் பார்த்தால் பொத்துக்கொண்டு வரும். பிச்சைக்காரிக்கு எடுப்பைப் பார் என்று அவர் காதில் விழவே சொல்லுவார்கள். இறங்குதுறையைக் கழுவுகிற சாட்டில், அவர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கடல் தண்ணியை வாளியால் வீசுவார்கள். ஆச்சி சொப்பிங் பையை இறுக்கிக் கட்டுவார். ஒரு நாள் நான் வாளிக்காரனை நன்றாகக் கிழித்தேன். அன்று பின்னேரம் எனக்குப் படகில் நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

ஆனி மாதம், நயினாதீவில் அம்மன் கோயில் திருவிழா தொடங்குகிற வாரம், ஆச்சியைக் காணவில்லை. அவரை மட்டுமல்ல, பஸ் நிற்கிற இடத்தில் தாளம் தட்டுகிற கிழவர், புண் கைக்காரர், யாரையுமே காணவில்லை. சீமெந்துக் கட்டு அலம்பிவிட்டதுபோல வெளிச்சென்று கிடந்தது. எல்லாரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். வானில் ஏற்றினார்கள் என்று கேட்டால் எங்கள் வயதுக்காரருக்கு, ஆள்களைக் காணாமல் போக்கிய வெள்ளை வான்தான் இன்னமும் நினைவுக்கு வரும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீல வான் ரீச்சர், பயப்பிடாதையுங்கோ, சாப்பாடு போட்டுப் பராமரிக்கிற இடத்துக்குத்தான் கொண்டுபோனவங்கள் என்றார். ஏற்றுகிறபோது ஆச்சி வரமாட்டேன் என்று கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்களாம். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. திருவிழாச் சனம் சேலையைத் தூக்கி ஒதுங்காமல் நடந்து போனது. நானும் போனேன். சோளகம் சுழற்றி அடித்த ஒரு பின்னேரம், அலை படகுக்குள் ஏறி எல்லாரும் முருகா என்று கத்தியபோதுதான், இன்று போகாதே என்று சொல்ல ஆளில்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தேன்.

புரட்டாதியில் மாளயம் வந்தது. செத்தவர்களுக்கு எல்லாம் சேர்த்துப் படைக்கிற பதினைந்து நாள், இரண்டு கிழமை. எங்கள் அம்மாவின் திதியும் அதற்குள்ளேதான் வரும். எங்கள் சொந்தத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஐயருக்குக் கொடுக்கிறதைக் கொடுத்த பிறகு, ஊரில் ஆதரவில்லாத ஒருவரைக் கூப்பிட்டு இருத்தி, செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் போடவேண்டும். தாய்க்கென்றால் வயதுபோன பெண்ணாக இருக்கவேண்டும், தகப்பனுக்கென்றால் ஆண். இலையில் ஒரு சோறு மிச்சம் வைக்கக்கூடாது. மிச்சம் வைத்தால் செத்தவர் அரைவயிற்றோடு எழும்பிப் போய்விட்டார் என்று அர்த்தம். இலை வெறுமையானதும் சாப்பிட்டவர் தன் கையால் அதை மடிப்பார். அப்போதுதான் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணி குடிப்பார்கள்.

இந்த வழக்கம் இப்போது கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. அங்கே கூப்பிட்டு இருத்த ஆள் இல்லை. அதனால் காசு அனுப்பி இங்கே ஆள் வைத்துச் செய்விக்கிறார்கள், போனில் நேரடியாகப் பார்க்கிறார்கள். கனடாவில் இருக்கிற என் அண்ணையும் இந்த முறை அப்படித்தான் ஒழுங்குபண்ணியிருந்தார். நான் இங்கேதானே இருக்கிறேன், ஒரு ஆளைக் கூப்பிட்டு நானே போடமாட்டேனா என்று கேட்டேன். நீ பள்ளிக்கூடத்தோட மாரடிக்கிறாய், அந்த மனிசன் வடிவாச் செய்வார், அம்மான்ர செத்தவீட்டையும் அவர்தானே வீடியோ எடுத்தவர் என்றார் அண்ணை.

அந்த மனிதரை எனக்கும் தெரியும். தீவுப்பகுதியில் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான் கமரா. அம்மாவைக் கிடத்தியிருந்தபோது, எல்லாரும் ஒருக்கால் காலடிக்கு வாங்கோ, முகம் விழேல்லை என்று மெதுவான குரலில் எங்களை இடம்மாற்றியவர். ஆள் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். இப்போது பக்கத்து ஊரான சுருவிலில், வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பூட்டிக்கிடந்த வீட்டில், ஆதரவற்றவர்களை வைத்துப் பராமரிக்கிறார் என்று ஊர் முழுக்க நல்ல பெயர்.

அம்மாவின் திதிக்கு முதல்நாள், செத்துப்போன சின்னம்மாவின் மகள், லண்டனில் இருக்கிற என் தங்கச்சி முறை, தன் தாய்க்குச் செய்வித்த வீடியோவைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். நீலச் சுவர். சுவருக்கு முன்னால் தலைவாழை இலை. இலைக்கு முன்னால் கண் தெரியாத ஒரு அம்மா, அரக்குக் கரைபோட்ட மஞ்சள் சேலையுடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி இழுத்து, பொட்டும் வைத்திருந்தார். ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்து இது சோறு, இது வடை என்று தொட்டுக்காட்டியது. சின்னம்மாவுக்குக் கேசரி என்றால் உயிர். கேசரி இரண்டு முறை வந்தது. அம்மாவே வந்திருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது என்று தங்கச்சி கீழே எழுதியிருந்தாள். சொந்தமெல்லாம் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தது. நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் முறை. நான் குசினிக்குள் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நீலச் சுவர், அதே மஞ்சள் சேலை. சேலைக்குள் இருந்தது வேறு ஆள். எண்ணெய் வைத்த தலையும் பொட்டுமாக எனக்கு முதலில் பிடிபடவில்லை. சம்மணம் போட ஏலாமல் இடது காலை ஒரு பக்கமாக நீட்டி, அதன்மேல் துவாயைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைக் கண்டதும்தான் ஆளைத் தெரிந்தது. இறங்குதுறை ஆச்சி.

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரைப் பாயாசமும் மோதகமும்தான் விருப்பம். அண்ணை அதைத் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார். ஆச்சி சோற்றை மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடித்தார். மோதகம் வந்தது, சாப்பிட்டார். பாயாசம் ஊற்றினார்கள், வழித்துக் குடித்தார். போதும் ராசா என்று கையை இலைக்கு மேலே மறித்தார். அந்த மெதுவான குரல் கமராவுக்குப் பின்னாலிருந்து, இன்னும் கொஞ்சம் அம்மா, மகன் கனடாவிலயிருந்து பாத்துக்கொண்டு நிக்கிறார் என்றது. மறித்த கையை ஒரு கை ஒதுக்கியது. பாயாசம் மறுபடி விழுந்தது. ஆச்சி கமராவைப் பார்த்தார். அலை எழும்பும் என்று சொல்லுகிறபோது பார்க்கிற பார்வை அது. பிறகு குனிந்து குடித்தார், இலையை மடித்தார்.

அண்ணை போனில் விக்கி விக்கி அழுதார். அழுது முடியட்டும் என்று பொறுத்திருந்துதான் சொன்னேன், அந்த மனிசிக்குச் சீனி வருத்தம், பாயாசம் அவவுக்கு நஞ்சு, இந்த விசர்க்கூத்தை நிப்பாட்டு என்று. ஒருநாள் பாயாசம் குடிச்சால் என்ன செய்துபோடும், ரோட்டில கிடந்ததுக்கு இது பெரிய விசயமெல்லோ என்றார் அண்ணை. ஒரு நாள்தானா என்பதுதான் என் கேள்வி. அந்த வீட்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், இந்த இரண்டு கிழமைக்குள் எத்தனை பேருக்குத் தாய் செத்த திதி வருகிறது என்று யோசித்தேன். விடிகிறவரைக்கும் நித்திரை இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் சுருவிலுக்குப் போனேன். வழிநெடுகப் பூட்டிய வீடுகள்தான். படலையில் கொடி படர்ந்து, முற்றத்தில் பனை வடலி முளைத்துக் கிடக்கும். எந்த வீடு என்று நான் யாரிடமும் விசாரிக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு மதிலில் மட்டும் காகங்கள் வரிசையாக இருந்தன. மதிலுக்குப் பின்னால் வாழையிலைகள் கும்பியாகக் குவிந்து நாறின. எல்லாம் மடித்த இலைகள். கேற்றில் பூட்டு.

அவர்தான் வந்து திறந்தார், திறப்பு அவர் இடுப்பில் இருந்தது. வாங்கோ ரீச்சர் என்று கதிரை போட்டார், சோடா உடைத்தார். மாடு உள்ளுக்கு வந்து மரக்கறியைத் தின்கிறபடியால்தான் பூட்டுகிறாராம். ஒருவரையும் அவர் பிடித்து வைத்திருக்கவில்லையாம். இறங்குதுறை ஜெற்றியில் பட்டினி கிடந்த சனம் இப்போது ஏப்பம் விடுகிறதாம். நான் சோடாவைத் தொடவில்லை. ஆச்சியைப் பார்க்கவேண்டும் என்றேன். அதற்கென்ன என்று விறாந்தை வழியாகக் கூட்டிப்போனார். நீலச் சுவர் கூடத்தில் இலை போட்டாயிற்று. தாளம் தட்டுகிற கிழவரும் புண் கைக்காரரும் வெள்ளை வேட்டியோடு சுவரில் சாய்ந்து, யாருடையதோ தகப்பன்மாராகக் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கிழவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. அறைக்குள் போக முதலே மணம் வந்துவிட்டது. சாப்பாட்டு மணமும் புண் மணமும் கலந்த மணம். ஒரு மூலையில் கண் தெரியாத அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மற்ற மூலையில் ஆச்சி. காலில் துணியும் இல்லை, பையும் இல்லை. மிச்சமிருந்த மூன்று விரலும் கறுத்து, கறுப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. நான் பக்கத்தில் இருந்து ஆச்சி என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"இண்டைக்கு ஆரின்ர அம்மா நான்?"

ஆச்சி, ஜெற்றி ரீச்சர் வந்திருக்கிறன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துத்தான் கண்ணைத் திறந்தார். என் கையைப் பிடித்து, வெறுந்தேத்தண்ணி கிடக்கோ பிள்ளை, வாயெல்லாம் இனிக்குது என்றார். கண் தெரியாதவவுக்கு வயிற்றால் போகிறதால் இரண்டு நாளாகத் தான் ஒருத்திதான் எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறதாகவும், காலமை ஒன்று மத்தியானம் இரண்டு என்று வருகிறதாகவும், துப்பினால் வீடியோவைத் திரும்ப முதலிலிருந்து எடுக்கவேண்டும் என்கிறதாகவும் சொன்னார். புகார் சொல்லுகிற குரலே இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார்.

இவவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று நான் எழும்பினேன். மனிதர் கதவடியில் நின்றார், கோபமே இல்லை. மாளயம் முடியட்டும் ரீச்சர், நானே கொண்டுபோறன், பொம்பிளையள் ரெண்டு பேர்தான் கிடக்கினம், வாக்குக் குடுத்திட்டன் என்றார். சொந்தக்காரர் யாரும் வந்து கேட்டால் மறுப்பில்லையாம். சொந்தம் இல்லாதவரிடம் எப்படி ஒப்படைக்கிறது என்று என்னிடமே நியாயம் கேட்டார். பிறகு கேற்றுவரைக்கும் வந்து வழியனுப்பினார். பின்னால் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

அங்கிருந்து நேரே அந்தப் பகுதிக் கிராம அலுவலரின் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தன் மாமியாருக்கும் அங்கேதான் செய்வித்தது, என்ன குறை கண்டனீங்கள் என்று கேட்டார். ஊரில் நல்லது செய்கிறவன் ஒருவன் இருந்தால் கண்ணைக் குத்த வந்துவிடுவீர்கள் என்று அவர் மனைவி குசினிக்குள் இருந்து சொன்னது எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு, தொடாமல் மூடிவைத்தேன். அந்தக் கறுப்பு காலில் ஏறிக்கொண்டே போகிறது, மாளயம் முடிய இன்னும் ஒரு கிழமை கிடக்கிறது. சொந்தக்காரர் வந்து கேட்டால் மறுப்பில்லை என்றானே அந்த மனிதன், அதை நினைக்க நினைக்க உச்சியில் ஏறியது. ஏறிக்கொண்டிருந்த கோபத்துக்கு நடுவில்தான் எனக்கு வழி தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் ஓட்டோ பிடித்துக்கொண்டு போனேன். மரக்கறி இறக்குவதற்காகக் கேற்றைத் திறந்திருந்தார்கள். நான் கேட்காமலே உள்ளே நடந்தேன். கூடத்தில் வீடியோ நடந்துகொண்டிருந்தது. ஆச்சி மஞ்சள் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்தார், வாயில் சோறு அடைத்திருந்தது, விழுங்கவில்லை. போனுக்குள் யாரோ ஒரு குடும்பம் குழந்தை குட்டிகளோடு கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் செருப்போடு போய் இலைக்கும் கமராவுக்கும் நடுவில் இருந்தேன். ஆச்சியின் வாயிலிருந்த சோற்றை என் கையில் எடுத்தேன்.

"அம்மா, எழும்புங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

மனிதர் போனைக் கையால் பொத்தப் பார்த்தார். நான் போனுக்குள் பார்த்தே சொன்னேன்.

"முந்தநாள் இந்த இடத்தில இருத்தி, இவதான் எங்கட அம்மா எண்டு என்ர அண்ணைக்குக் காட்டினவர் இவர். அவருக்கு அம்மா எண்டால் எனக்கும் அம்மாதானே. சொந்தம் வந்து கேட்டால் தாறன் எண்டும் சொன்னவர். கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

போனுக்குள் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், என்னண்ணை நடக்குது என்று கேட்டாள். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்த மனிதருக்கு, படத்தில் என்ன விழக்கூடாது என்று நன்றாகத் தெரியும். ஒரு சின்னத் தடங்கல் தங்கச்சி, இப்ப திருப்பி எடுக்கிறன் என்று சொல்லிப் போனை அணைத்தார். என்னைப் பார்த்து முறைக்கக்கூட இல்லை. கொண்டு போங்கோ என்றார்.

ஓட்டோக்காரரும் நானும் ஆச்சியைத் தூக்கினோம். தூக்கிக்கொண்டு திரும்புகிறபோது பின்னறைக் கதவடியில், நிலையைப் பிடித்தபடி கண் தெரியாத அம்மா நின்றார். சத்தத்தைக் கேட்டு எழும்பி வந்திருக்கவேண்டும். முகத்தை எங்கள் பக்கமாகத் திருப்பி ஆர் ஆர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவவையும் கூட்டிப்போகிறேன் என்றேன். மனிதர் அதே மெதுவான குரலில் சொன்னார்:

"அவ உங்கட வீட்டுக்குச் சாப்பிடேல்லை ரீச்சர்."

நான் வாயைத் திறக்க முதல், சீலையைக் கழட்டித் தரச்சொல்லுங்கோ, அது இங்கத்தையான் சீலை என்றார். அந்தப் பின்னறையில் வைத்து நான்தான் கழட்டிக் கொடுத்தேன். என் சால்வையைச் சுற்றி ஆச்சியைக் கொண்டுவந்தேன். ஓட்டோ திரும்புகிறபோது திறந்திருந்த கேற்றுக்குள்ளால் பார்த்தேன். அந்த மஞ்சள் சேலையைக் கண் தெரியாத அம்மாவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் இலையை மாற்றிப் புதிதாகப் போட்டாயிற்று. மதிலில் காகங்கள் அசையவில்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அன்றே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார் டொக்டர். மயக்கம் தெளிய நாளெடுத்தது. நான் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினேன். விசாரிக்க வந்தவர்கள் சுருவிலுக்குப் போய், இலைபோட்டுச் சாப்பிட்டு, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லித் திரும்பினார்கள். அண்ணை என்னோடு பேசவில்லை. வீடியோவில் நான் வந்தது சொந்தத்துக்குள் பரவி, ஆரோ வீட்டுத் திதியில போய் இவள் எங்களை அசிங்கப்படுத்திப்போட்டாள் என்றாகிவிட்டது.

ஆச்சி கட்டிலில் எழும்பியிருக்கத் தொடங்கிய அன்று, போத்தலில் வெறுந்தேத்தண்ணி கொண்டுபோனேன். ஊதி ஊதிக் குடித்தார். கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கண் தெரியாதவ எங்க பிள்ளை? அவ இண்டைக்கு ஆரின்ர அம்மா?"

மாளயம் முடியவில்லை. காலையில்தான் யாரோ பகிர்ந்திருந்த வீடியோவில் பார்த்தேன். கை தேடித் தேடி இலையைத் தடவுகிறது, முகம் ஊதியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் அம்மா என்கிறது குரல். ஆச்சியிடம் அதைச் சொல்லவில்லை. வெளியே விறாந்தைக்கு வந்து லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு எடுத்தேன். கண் தெரியாத அம்மா சாப்பிட்டது அவளுடைய தாய்க்கு. அந்த மனிதனுடைய நியாயப்படி இனிக் கேட்கக்கூடியவள் அவள்தான். சுருவிலுக்குப் போன் எடுத்து, அவ என்ர அம்மா, ரீச்சரிட்டைக் குடுத்து விடுங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓட்டோவோடு நான் நிற்கிறேன் என்றேன். அந்த மனிசி உயிரோடு வெளியில் வரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.



"அக்கா, எங்கட அம்மா செத்துப்போனா. உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. அவ நல்ல வடிவாச் சாப்பிடுறா. வாற வருசமும் அவவைத்தான் இருத்தவேணும் எண்டு நான் இப்பவே சொல்லி வைச்சிட்டன்."